ரேலிப்பில் தமிழ் தட்டினால் கேள்விக்குறி, பேக்ஸ்பேஸ் அடித்தால் பாதி எழுத்து

கேள்வி: குடியாத்தம் வாசகர், 4 மே 2025

அண்ணா, கோடை லீவில் எங்கள் தெரு நூலகத்துப் பிள்ளைகளுக்காக ஒரு தட்டச்சு விளையாட்டு செய்கிறேன். சி மொழி, ரேலிப் என்ற விளையாட்டு லைப்ரரி. ரயில் வரும், மேலே ஸ்டேஷன் பெயர் தெரியும், ரயில் கிளம்புவதற்குள் அந்தப் பெயரைத் தட்டி முடிக்க வேண்டும். காட்பாடியில் தொடங்கி லத்தேரி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டை வரை. ஆங்கிலத்தில் நன்றாக ஓடுகிறது. தமிழ் விசைப்பலகைக்கு மாற்றினால் பெட்டியில் ஒன்றுமே விழவில்லை. உள்ளே இருந்த நிபந்தனையைத் தூக்கிவிட்டால் கேள்விக்குறியாகக் கொட்டுகிறது. தட்டிய எழுத்தின் எண்ணை எடுத்துத் தரும் கெட்சார்பிரெஸ்ட் ஃபங்ஷனில் பக் என்று நினைக்கிறேன். ரேலிப்புக்குத் தமிழ் வராது என்கிறான் நண்பன். வேறு லைப்ரரிக்கு மாறிவிடவா?

4 மே, இரவு 10.40

மாற வேண்டாம். ஃபங்ஷன் மேல் குற்றமில்லை.

நீங்கள் எடுத்து வைத்திருப்பது ரேலிப்போடு வரும் உரைப்பெட்டி எடுத்துக்காட்டு, பார்த்ததுமே தெரிகிறது. அதில் வரும் எண் 32-க்கும் 125-க்கும் நடுவில் இருந்தால்தான் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு வரி உண்டு. ஆங்கில எழுத்தும் இலக்கமும் நிறுத்தற்குறியும் அதற்குள் அடங்கிவிடும். எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 2944 முதல் 3071 வரை. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த வரியை எடுத்த பிறகு கேள்விக்குறி வருவதற்குக் காரணம் அடுத்த வரி. வந்த எண்ணை சார் வகைக்கு மாற்றி அரேயில் போடுகிறது. சார் என்பது ஒரே ஒரு பைட். க-வின் எண் 2965. அதை ஒரு பைட்டில் திணித்தால் 256-ஆல் வகுத்த மீதியான 149 மட்டும் உள்ளே தங்கும். அந்த எண்களை பைட்டுகளாக எழுதும் முறைக்கு யூடிஎஃப்-8 என்று பெயர். தனியாக நிற்கும் 149-க்கு அந்தக் கணக்கில் பொருளே கிடையாது. பொருள் இல்லாததைக் கண்டால் ரேலிப் கேள்விக்குறி போடும்.

அரேயை இன்ட் ஆக்குங்கள். எழுத்தாக வைக்காமல் வருகிற எண்ணை அப்படியே அடுக்கி வையுங்கள். எடுத்துக்காட்டில் 9 எழுத்துக்குத்தான் இடம் விட்டிருப்பார்கள், அதையும் பெருக்குங்கள். ஜோலார்பேட்டைக்கு மட்டும் 12 எண் வேண்டும்.

4 மே, இரவு 11.15

ஒன்று விட்டுப்போயிற்று. இனி இந்த இழையில் யார் என்ன கேட்டாலும் முதலில் டெர்மினலில் எண்களை அச்சடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். திரையில் தெரிவதை வைத்துப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். லத்தேரி என்று தட்டினால் இது வர வேண்டும்:

2994 2980 3021 2980 3015 2992 3007

ல, த, புள்ளி, த, ஏகாரக் கொம்பு, ர, இகரக் குறி. கண்ணுக்கு எழுத்து நான்கு, கணினிக்கு எண் ஏழு. இது சரியாக வந்தால் உள்ளீடு சரி, மிச்சமெல்லாம் வேறு இடத்துப் பிரச்சினை.

5 மே, காலை

தம்பியின் பதில்: "எண் ஏழும் அச்சு அசலாக வருகிறது. திரையில் இன்னும் கேள்விக்குறிதான்."

நல்லது. இது இரண்டாவது கேள்விக்குறி. முதலாவதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரேலிப்பில் எழுத்துருவைச் சும்மா ஏற்றினால் 32 முதல் 126 வரை 95 வடிவங்களைத்தான் அது எடுத்துக்கொள்ளும். அந்தப் பட்டியலில் இல்லாத எண் வந்தால் கேள்விக்குறி வடிவத்தை எடுத்து மாட்டிவிடும். உள்ளே சரக்கு சரியாக இருந்தாலும் வெளியே இதே முகம்தான்.

லோட்ஃபாண்ட்எக்ஸ் என்று இன்னொன்று இருக்கிறது. எந்தெந்த எண்ணுக்கு வடிவம் வேண்டும் என்று நாமே பட்டியல் கொடுக்கலாம். அந்த 95-ஓடு தமிழின் 128 இடங்களையும் சேர்த்து 223 கொடுங்கள். தமிழ் உள்ள எழுத்துருவாக இருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. பழைய விண்டோஸ் என்றால் லதா இருக்கும், இல்லாவிட்டால் நோட்டோ சான்ஸ் தமிழ்.

5 மே, மாலை

ஆற்காட்டிலிருந்து ஒருவர்: "இஃப் போட்டிருக்கிறீர்களா வைல் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்."

சரியான கேள்வி. நான் முதலிலேயே கேட்டிருக்கலாம். கெட்சார்பிரெஸ்ட் ஒரு அழைப்புக்கு ஒரு எண்தான் தரும். தட்டியவை வரிசையாகக் காத்திருக்கும் க்யூ காலியானால் 0 தரும். 0 வரும்வரை வைல் போட்டுச் சுற்றிச் சுற்றிக் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்பதால் இஃப் போட்டாலும் வண்டி ஓடிவிடும். தமிழ்99 விசைப்பலகையில் த-வை இரண்டாவது முறை அடித்ததும் புள்ளியும் த-வும் ஒரே அடியில் வந்து விழும். இஃப் போட்டிருந்தால் புள்ளி கிடைக்கும், த காணாமல் போகும். அடுத்த ஃபிரேமில், அதாவது திரையை அடுத்த முறை வரையும்போது, எடுத்துக்கொள்ளலாம் என்று விடவும் முடியாது. ஒவ்வொரு ஃபிரேம் முடிவிலும் ரேலிப் அந்த க்யூவைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறது.

விளையாட்டை நிறுத்தி வைக்கும் பாஸ் திரை இருக்கிறதல்லவா, அங்கேயும் இதே கதைதான். பாஸில் இருக்கும்போது தட்டியதெல்லாம் போயே போய்விடும். உங்களுக்கு அது வசதி. எனக்கு ஒரு சமயம் அது வசதியாக இல்லை. அந்தக் கதை இப்போது வேண்டாம்.

7 மே

கத்திரி வெயில் வேலூரில் தன் வேலையைக் காட்டுகிறது. பகலில் மடிக்கணினியைத் தொட்டால் சுடுகிறது. இரவில்தான் எழுதுகிறேன், பதில் தாமதமானால் அதுதான் காரணம்.

தம்பி படம் அனுப்பியிருக்கிறார். தமிழ் வந்துவிட்டது, ஆனால் லத்தேரியின் கொம்பு த-வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் நிற்கிறது. குடியாத்தத்தில் கு என்பது க-வும் அதன் பக்கத்தில் ஒரு தனிச் சுழியுமாகக் கிடக்கிறது. "கெட்சார்பிரெஸ்ட் வரிசையை மாற்றி அனுப்புகிறது" என்று எழுதியிருக்கிறார்.

இல்லை. மேலே உள்ள ஏழு எண்ணையும் மறுபடி பாருங்கள். யூனிகோடில் கொம்பு எப்போதும் மெய்க்குப் பின்னால்தான் வரும். முதலில் த, அப்புறம் ஏகாரக் குறி. நாம் வாயால் சொல்லும் வரிசை அது. அதைக் கண் பார்க்கும் வரிசைக்கு மாற்றி, க-வையும் உகரத்தையும் ஒட்டவைத்து கு ஆக்குவது வரைகிறவரின் வேலை. பிரவுசரில் அதை ஹார்ஃப்பஸ் மாதிரி ஒரு எஞ்சின் செய்கிறது. ரேலிப்பில் அப்படி ஒருவர் இல்லை. எண்ணுக்கு ஒரு வடிவம், இடமிருந்து வலமாக, வந்த வரிசையிலேயே ஒட்டிக்கொண்டு போகும்.

எனக்கு இது நன்றாகத் தெரியக் காரணம் உண்டு. ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனிக்குப் பில் அடிக்கும் மென்பொருள் எழுதினேன். வாடிக்கையாளர் பெயர் தமிழில் அச்சாக வேண்டும் என்றார்கள். அச்சுப்பொறியின் டிரைவரும் இதே மாதிரி வந்ததை வந்தபடி அடிக்கும் ரகம். ‘மேல்விஷாரம்’ என்று அடிக்கச் சொன்னால் ம-வுக்கு அந்தப் பக்கம் கொம்பு போய் ஒட்டிக்கொண்டது. முதலாளி தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்பா, ஊரு பேரையே திருப்பிப் போட்டிருக்கே" என்றார். பிறகு பெயரை மட்டும் படமாக வரைந்து அனுப்பித் தப்பித்தோம்.

7 மே, கொஞ்ச நேரம் கழித்து

ஆற்காட்டுக்காரர்: "வரிசையை நாமே மாற்றி வரைந்தால் போதுமே? ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம் மூன்றையும் மெய்க்கு முன்னால் தள்ளிவிடலாம். கொ, கோ, கௌ வந்தால் இரண்டாகப் பிரித்துவிடலாம்."

பாதிப் பிரச்சினைக்குப் போதும். உகர, ஊகார வரிசைகள் இதில் அடங்காது. கு, சு, டு, து ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம், டி-யும் டீ-யும் தனி வடிவம். எழுத்துரு கோப்புக்குள் அந்த வடிவங்கள் இருக்கும், ஆனால் அவற்றுக்கு யூனிகோட் எண் கிடையாது. எண் கொடுத்துக் கேட்டால் கிடைக்காது.

8 மே

நான் செய்கிற வழியைச் சொல்கிறேன். வேறு மொழிக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள், நமக்கு இது சரிப்படும்.

தமிழில் கூட்டெழுத்துத் தொல்லை அனேகமாக இல்லை. மெய்யும் மெய்யும் சேர்ந்தால் நடுவில் புள்ளி வைத்துப் பிரித்தே எழுதுகிறோம், க்ஷ-வும் ஸ்ரீ-யும்தான் விலக்கு. ஆக மொத்த எழுத்து 247. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஐந்துக்கும் புள்ளியோடு சேர்த்துத் தலைக்கு 13 என்று 65. ஸ்ரீ ஒன்று. 313 படம் வரைந்து ஒரே பெரிய படத்தில் அடுக்கிவிட்டால் கதை முடிந்தது. எழுத்துருவே வேண்டாம். வந்த எண்களை எழுத்து எழுத்தாகப் பிரித்து, அந்தந்த எழுத்தின் படத்தை எடுத்து ஒட்ட வேண்டியதுதான்.

படங்களை வரைய பைத்தான் மொழியின் விளையாட்டு லைப்ரரியான பைகேமையே பயன்படுத்தலாம். புதிய பதிப்புகளில் ஃபாண்ட் பொருளுக்கு செட்ஸ்கிரிப்ட் என்று ஒன்று உண்டு. தமிழுக்கான நான்கெழுத்துக் குறியைக் கொடுத்தால் ஹார்ஃப்பஸ் வழியாக ஒழுங்காக வரைந்து தரும். அதற்கு, பைகேமின் அடியில் எழுத்து வரையும் எஸ்டிஎல் டிடிஎஃப் 2.20 அல்லது அதற்குப் பிந்தையது இருக்க வேண்டும். ஒரு தடவை ஓட்டிப் படத்தைச் சேமித்துக்கொண்டால் பிறகு பைகேம் தேவையில்லை.

கட்டத்தின் அகலத்தைத் தாராளமாக வையுங்கள். 48 பிக்சல் எழுத்துக்கு நான் 160-க்கு 64 வைக்கிறேன். வரிசைக்கு 12 கட்டம், 27 வரிசை, 2048-க்கு 2048 படத்துக்குள் அடங்கிவிடும். இவ்வளவு அகலம் எதற்கு என்றால் ஔகார வரிசைக்காக. ஞௌ, ணௌ இரண்டும் கொம்பு ஒரு பக்கம், மெய் நடுவில், ள மாதிரி ஒன்று மறுபக்கம் என்று மூன்று ஆள் உட்காரும் பெஞ்சு. ஞௌ என்று யார் தட்டப்போகிறார்கள் என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் தட்டுவார்கள். தட்டிவிட்டு அதை வாயால் சொல்லிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஒவ்வொரு எழுத்தின் உண்மையான அகலத்தையும் தனியே ஒரு அட்டவணையில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ‘ர்’ எழுத்துக்கும் ‘ணௌ’ எழுத்துக்கும் ஒரே இடைவெளி விழும்.

8 மே, இரவு

எழுத்தாகப் பிரிப்பது எப்படி என்று கேட்டிருக்கிறார். விதி எளிது. 3006 முதல் 3021 வரை உள்ளதும் 3031-ம் முந்தைய எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். மற்ற எதுவும் புதிய எழுத்தின் தொடக்கம். க, புள்ளி, ஷ மூன்றும் அடுத்தடுத்து வந்தால் ஒன்றாகச் சேர்க்க வேண்டும், ஸ்ரீ-க்கும் அப்படியே. இருபது வரியில் முடிகிற வேலை.

11 மே

சித்திரை முடிகிறது, பாலாற்றில் மணல்தான் தெரிகிறது. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் மட்டும் சந்தைக்கு வந்துகொண்டிருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தம்பி இப்போது பேக்ஸ்பேஸ் விவகாரத்துக்கு வந்திருக்கிறார். யாரோ அவரிடம், "ரி என்ற எழுத்தில் பேக்ஸ்பேஸ் அடித்தால் இகரம் மட்டும் போய் ர நிற்பது அசிங்கம், முழு எழுத்தும் போக வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவரும் அப்படியே மாற்றிவிட்டார். தமிழ்99-இல் தட்டும் பிள்ளைகளுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. ஆங்கில விசையில் ஒலிப்படி தட்டும் பிள்ளைகளுக்கோ திரையில் மெய்யெழுத்தே நிற்கவில்லை, கொம்பும் காலும் மட்டும் வரிசையாக நிற்கின்றன. "நூலகமே சிரிக்கிறது அண்ணா" என்கிறார்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்த இழையிலேயே இதுதான் எனக்குப் பிடித்த சிக்கல்.

தமிழ்99 கூட்டிக்கொண்டே போகும் முறை. ல அடித்தால் ல. த அடித்தால் த. மறுபடி த அடித்தால் புள்ளியும் த-வும். ஏ அடித்தால் ஏகாரக் குறி. எதையும் திரும்ப அழிக்க வேண்டிய அவசியம் வராது. ஒலிமுறை அப்படி இல்லை. ஆங்கில எல் அடித்ததும் ‘ல்’ என்று ல-வும் புள்ளியும் வரும். அடுத்து ஆங்கில ஏ விசையை அடித்தால் ‘ல’ ஆக வேண்டும், அதாவது புள்ளி போக வேண்டும். போட்ட புள்ளியை எப்படி எடுப்பது? பல விசைப்பலகை மென்பொருள்கள் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கின்றன. நீங்கள் அடிக்காத ஒரு பேக்ஸ்பேஸை அவையே அடித்துவிடும். அந்த பேக்ஸ்பேஸ் ஒரே ஒரு எண்ணைத்தான் அழிக்கும் என்பது அவற்றின் நம்பிக்கை. நோட்பேடில் அப்படித்தான் நடக்கும். உங்கள் விளையாட்டிலோ அது ‘ல்’ முழுவதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பிறகு வரும் இகரமோ ஏகாரமோ ஒட்டிக்கொள்ள ஆளில்லாமல் நிற்கிறது.

ஆகவே பேக்ஸ்பேஸ் ஒரு எண்ணைத்தான் அழிக்க வேண்டும். ர நிற்பது அசிங்கமாக இருந்தால் இருக்கட்டும். முழு எழுத்தை அழிக்க வேறு விசை கொடுங்கள், கன்ட்ரோலோடு பேக்ஸ்பேஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

12 மே

ஆரணியில் தட்டச்சுப் பயிலகம் நடத்தும் அக்கா ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மாணவர்கள் பழைய தட்டச்சுப்பொறி அமைப்பிலேயே கணினியிலும் அடிக்கிறார்கள். அதில் கொம்பை முதலில் அடித்துவிட்டு அப்புறம்தான் மெய்யை அடிப்பார்கள், தாளில் அப்படித்தான் விழ வேண்டும். "எங்கள் பசங்கள் ஆடினால் என்ன ஆகும்?" என்று கேட்கிறார்.

அக்கா, உங்கள் விசைப்பலகை மென்பொருள் எந்த வகை என்பதைப் பொறுத்தது. கொம்பைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு, மெய் வந்த பிறகு சரியான வரிசையில் இரண்டையும் சேர்த்து அனுப்பும் வகை என்றால் ஒரு தொல்லையும் இல்லை. கொம்பை உடனே காட்டிவிட்டு, மெய் வந்ததும் பேக்ஸ்பேஸ் அடித்து அதை எடுத்து, மெய்யையும் கொம்பையும் மறுபடி போடும் வகை என்றால் மேலே சொன்ன கதைதான். உங்கள் மாணவர்களிடம் ‘கே’ தட்டச் சொல்லி, வரும் எண்களையும் பேக்ஸ்பேஸ்களையும் அச்சடித்துப் பாருங்கள். ஒரே எழுத்தில் தெரிந்துவிடும்.

14 மே

எதிர்பார்த்ததுதான். தம்பி: "ஒரு எண்ணாக மாற்றிவிட்டேன். என் கணினியில் சரி. நூலகத்துப் பழைய மடிக்கணினியில் சில சமயம் புள்ளி போகாமல் அப்படியே நிற்கிறது. லத்தேரி என்றால் ல்-இலேயே நின்றுவிடுகிறது."

பேக்ஸ்பேஸை எதை வைத்துப் பிடிக்கிறீர்கள்? ஈஸ்கீபிரெஸ்ட் என்றால் காரணம் இதுதான். அந்த ஃபங்ஷன் போன ஃபிரேமில் விசை மேலே இருந்ததா, இந்த ஃபிரேமில் கீழே இருக்கிறதா என்று இரண்டு நிலைகளை ஒப்பிடும். மனித விரல் ஒரு விசையை அழுத்தி எடுக்கப் பல ஃபிரேம் ஆகும். மென்பொருள் அடிக்கும் பேக்ஸ்பேஸ் ஒரே நொடிப்பொழுதில் கீழே போய் மேலே வந்துவிடும். இரண்டும் ஒரே ஃபிரேமுக்குள் நடந்தால் ரேலிப் பார்க்கும்போது விசை மேலே இருக்கும். அப்படி ஒன்று அடிக்கப்பட்டதே அதற்குத் தெரியாது. கணினி மெதுவானதாக இருந்தால் ஃபிரேம் நீளமாகும், நழுவும் வாய்ப்பும் கூடும்.

கெட்கீபிரெஸ்ட் வேறு மாதிரி. அது நிலையைப் பார்ப்பதில்லை, அழுத்திய கணத்திலேயே க்யூவில் எழுதிவிடும். அதையும் 0 வரும்வரை சுற்றிப் படியுங்கள். பேக்ஸ்பேஸ் வந்தால் ஒரு எண்ணைக் கழியுங்கள்.

கெட்சார்பிரெஸ்டிலேயே பேக்ஸ்பேஸ் 8 என்று வராதா என்று ஒருவர் கேட்டிருந்தார். வராது. ரேலிப்பின் அடியில் இருந்து சன்னலையும் விசைகளையும் கவனிக்கும் ஜிஎல்எஃப்டபிள்யூ 32-க்குக் கீழே உள்ள எண்களை எழுத்தாகவே கணக்கில் எடுப்பதில்லை.

14 மே, இரவு

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். விசைகளுக்கு ஒரு க்யூ, எழுத்துகளுக்கு ஒரு க்யூ. இரண்டும் தனித்தனி. ஒரே ஃபிரேமில் பேக்ஸ்பேஸும் இகரமும் வந்தால் எது முன்னால் வந்தது என்று ரேலிப் சொல்லாது. எழுத்துகளை முதலில் படித்துவிட்டு பேக்ஸ்பேஸைப் பிறகு பார்த்தால், புள்ளி தப்பித்துக்கொள்ளும், புதிதாக வந்த இகரம் அழிந்துபோகும். எனவே பேக்ஸ்பேஸ் க்யூவை முதலில் காலி செய்யுங்கள், அப்புறம் எழுத்து. விசைப்பலகை மென்பொருளும் அழித்துவிட்டுத்தான் எழுதுகிறது என்பதால் பெரும்பாலும் பொருந்தும்.

பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். வினாடிக்கு 15 ஃபிரேமில் திணறும் கணினியில் வேகமாகத் தட்டும் பிள்ளை ஆங்கில எல், ஏ இரண்டையும் ஒரே ஃபிரேமுக்குள் தட்டிவிடும். அப்போது வர வேண்டிய வரிசை ல, புள்ளி, பேக்ஸ்பேஸ். நீங்கள் பேக்ஸ்பேஸை முதலில் எடுத்தால் முந்தைய எழுத்தின் வால் போய்விடும்.

முழுத் தீர்வு வேண்டுமென்றால் ஜிஎல்எஃப்டபிள்யூவிடம் நேரே போக வேண்டும். சன்னல் திறந்த பிறகு எழுத்துக்கும் விசைக்கும் உங்கள் சொந்த கால்பேக்கை, அதாவது ஒன்று வந்ததும் அது அழைக்க வேண்டிய ஃபங்ஷனை, பதிவு செய்யுங்கள். பதிவு செய்யும்போது பழைய கால்பேக் எது என்று அது திருப்பிக் கொடுக்கும். அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, உங்கள் வேலை முடிந்ததும் அதையும் அழைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ரேலிப்புக்கு விசைப்பலகையே செத்துப்போகும். உங்கள் கால்பேக் இரண்டும் ஒரே வரிசையில், வந்த முறைப்படி எழுதட்டும். எழுத்து என்றால் அதன் எண், பேக்ஸ்பேஸ் என்றால் கழித்தல் 1. பிறகு எந்தக் குழப்பமும் இல்லை.

நூலகத்து விளையாட்டுக்கு இவ்வளவு தேவையா என்றால், முதல் வழியே போதும் என்பேன். ரயில் படத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் கோப்பிலிருந்து ஏற்றுகிறீர்கள் என்று உங்கள் நிரலில் பார்த்தேன். அதை ஒரே முறை ஏற்றினால் அந்த 15 ஃபிரேம் தானாகவே மேலே ஏறும்.

15 மே

தம்பியிடமிருந்து ஒரே வரி: "ரயில் இப்போது சதாப்தி மாதிரி ஓடுகிறது."

19 மே

புதுப் புகார். நூலகத்தில் கௌரி என்று ஒரு பாப்பா. முதல் நாள் தன் பெயரைத் தட்டிப் பதிந்தாள். மறுநாள் வேறு கணினியில் அதே பெயரைத் தட்டினால் "அப்படி ஒருவர் இல்லை" என்கிறது விளையாட்டு. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரிகிறது.

எண்களை அச்சடித்தாரா? அச்சடித்திருக்கிறார், வாழ்க. முதல் நாள்: 2965, 3020, 2992, 3007. மறுநாள்: 2965, 3014, 2995, 2992, 3007. இரண்டாவதில் பாப்பா ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ள-வும் தட்டியிருக்கிறாள். பெரியவர்களே பாதிப் பேர் அப்படித்தான் தட்டுகிறார்கள்.

ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். சந்தேகமே இல்லாத மாற்றங்கள் மூன்று இருக்கின்றன. 3014-உம் 3006-உம் அடுத்தடுத்து வந்தால் 3018. 3015-உம் 3006-உம் வந்தால் 3019. 3014-உம் 3031-உம் வந்தால் 3020. யூனிகோடே இவற்றைச் சமம் என்கிறது. ஜோலார்பேட்டையில் ஜோ சிலருக்கு ஒரே குறியாகவும் சிலருக்கு இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் வரும். இது இல்லாவிட்டால் கடைசி ஸ்டேஷனில் எல்லாரும் தோற்பார்கள்.

கொம்பும் ள-வும் சேர்ந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற முடியாது. மாற்றினால் கெளுத்தி மீன் செத்தது. ள-வுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் தொடாதே, வராவிட்டால் மாற்று என்று ஒரு விதி வைக்கலாம். கெளுத்தி பிழைக்கும், கௌரியும் உள்ளே வருவாள். ‘கெளவன்’ மாதிரி யாராவது வந்து நிற்கும்வரை இந்த விதி தாங்கும்.

ஸ்டேஷன் பெயர்ப் பட்டியலை எங்கிருந்தாவது ஒட்டி எடுத்திருந்தால் அதையும் எண்ணாக அச்சடித்துப் பாருங்கள். 8204, 8205 என்று கண்ணுக்குத் தெரியாத இரண்டு பேர் நடுவில் ஒளிந்திருப்பார்கள். துடைத்துவிடுங்கள்.

20 மே

பைகேமில் இந்தத் தலைவலி உண்டா என்று வாணியம்பாடியிலிருந்து கேட்கிறார்கள். எழுத்துருத் தலைவலி குறைவு, மேலே செட்ஸ்கிரிப்ட் பற்றிச் சொல்லிவிட்டேன். உள்ளீட்டுக்குக் கீடவுன் நிகழ்வில் வரும் யூனிகோடை நம்ப வேண்டாம், டெக்ஸ்ட்இன்புட் என்ற நிகழ்வை எடுங்கள். அதில் சரமே வரும். நிகழ்வுகளெல்லாம் ஒரே க்யூவில் வருவதால் பேக்ஸ்பேஸ் வரிசைக் குழப்பமும் இல்லை. பைகேம் மாதிரியானவற்றுக்கு அடியில் இருக்கும் எஸ்டிஎல் லைப்ரரியின் 3-ஆம் பதிப்பை நேரடியாகப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: அங்கே உரை உள்ளீடு தானாகத் தொடங்காது, சன்னலைக் குறிப்பிட்டுத் தொடங்கிவைக்க வேண்டும். எஸ்டிஎல் 2 பழக்கத்தில் வந்தவர்கள் இங்கே ஒரு மாலை முழுக்க முழிப்பார்கள்.

26 மே

ஆற்காட்டுக்காரர் சண்டைக்கு வந்திருக்கிறார். விளையாட்டு காட்பாடியில் ஏன் தொடங்க வேண்டும்? 1856-இல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில் வந்து நின்றது வாலாஜா ரோட்டில். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்கிறார். வரலாறு அவர் பக்கம். வாலாஜா ரோட்டுக்கும் காட்பாடிக்கும் நடுவில் வரும் ஸ்டேஷன்களையும் அவரே பட்டியல் போட்டுத் தரட்டும், எழுத்துப்பிழை இல்லாமல்.

திருவண்ணாமலை வழியையும் சேர்க்கச் சொல்லி ஆரணி அக்கா. கண்ணமங்கலமும் போளூரும் அவர்களுக்கு வேண்டுமாம். சேர்க்கலாம், அது வெறும் பட்டியல்.

2 ஜூன்

லீவு முடிந்துவிட்டது, கடைசிப் புகாராக இருக்கும் என்று நினைக்கிறேன். தம்பி ஸ்டேஷன் பெயர்களை நீட்டிவிட்டார். ‘ஜோலார்பேட்டை சந்திப்பு’ என்று தட்டினால் ஒருவனுக்கு மட்டும் பின்பாதி வெட்டுப்படுகிறது. மற்றவர்களுக்குச் சரி.

அந்தப் பையன் தட்டும் விசைப்பலகை எது? சொல் முழுவதையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, பரிந்துரையைத் தேர்ந்தெடுத்ததும் மொத்தமாகக் கொட்டும் வகையாக இருக்கும். பெயரில் இடைவெளியோடு சேர்த்து 22 எண். ரேலிப்பின் எழுத்து க்யூவில் இடம் 16. பதினேழாவதிலிருந்து வருவதைச் சத்தம் போடாமல் கீழே போட்டுவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. அச்சடித்துப் பாருங்கள், ‘சந்’ வரை வந்து அதற்கப்புறம் ஒன்றும் இருக்காது.

ரேலிப்பின் மூலத்தில் கான்ஃபிக் என்ற தலைப்புக் கோப்பு இருக்கிறது. அதில் விசைக்கும் எழுத்துக்கும் தனித்தனியாக 16 என்று எழுதியிருக்கும். எழுத்துக்கானதை 64 ஆக்கி ரேலிப்பை மறுபடி கம்பைல் செய்யுங்கள். சொந்த கால்பேக் வழிக்குப் போயிருந்தால் இதைத் தொட வேண்டியதில்லை, உங்கள் வரிசையின் நீளம் உங்கள் கையில். நூலகத்து மடிக்கணினியில் கம்பைலர் இல்லை என்றால் வீட்டில் கம்பைல் செய்து பென்டிரைவில் கொண்டுபோங்கள்.